கிரந்தியும் கிடுகு வேலியும்

யாழ்ப்பாணத்தில் ‘கிரந்தி’ என்னும் சொல் ஒரு நோயைக் குறிப்பதைக் காட்டிலும் ஒரு பெருங்குடும்பத்தைக் குறிப்பதாகவே வழங்கிவருகிறது. குழந்தையின் கன்னச் சிவப்பும், முழங்கை மடிப்பில் நீர் கசியும் தடிப்பும் அதற்குள் அடங்குவதோடு, அவற்றை உண்டாக்குவதாகக் கருதப்படும் கத்தரிக்காயும் நண்டும் கணவாயும்கூட ‘கிரந்திச் சாப்பாடு’ என்ற பெயரோடு அக்குடும்பத்தில் சேர்க்கப்பட்டுவிடுகின்றன. சித்த மருத்துவம் ‘கரப்பான்’ என்ற தலைப்பின் கீழ் வைக்கும் தோல் நோய்களுள் பலவற்றை ஒத்ததும், மேலை மருத்துவம் ‘எக்சிமா’ என்று அழைப்பதுமான அழற்சி தொற்றாது, அரிக்கும், தணியும், தணிந்ததாக நம்பப்படும் நாளிலேயே திரும்பி வரும். ‘எக்சிமா’ என்பது கொதித்துப் பொங்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதால், பெயரிட்டவர் அரிப்பை அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும்.

பின்வரும் உரையாடல் புத்தூருக்கு அண்மையில், நிலாவரைக் கிணற்றடியில் நிகழ்வதாகக் கற்பிக்கப்பட்டது. பேசுவோருள் ஒருவர், ஊரின் தோல் அனைத்துக்கும் பத்தியம் விதிக்கும் அதிகாரியாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்ட இளைப்பாறிய பண்டிதர். மற்றவர், விடுமுறையில் ஊர் வந்துள்ள ஒரு தாதி. பண்டிதரின் ஐந்து வயதுப் பேரன் அருகில் நின்று முழங்கால் மடிப்பைச் சொறிந்துகொண்டிருக்கிறான்.

பண்டிதர்: இரத்தம் கெட்டால் தோல் கெடும், பிள்ளை. ஆகவே முதலில் கத்தரிக்காய் நிறுத்தப்பட்டது. பின்னர் நண்டு, இறால், கணவாய், முட்டை, பால், கச்சான் ஆகியன முறையே விலக்கப்பட்டன. இப்போது பேரனுக்கு எஞ்சியிருப்பவை சோறும் பயற்றங்காயுமே. பயற்றங்காய் மீதும் அண்மையில் ஐயம் எழுந்துள்ளது.

தாதி: இவ்வளவும் விலக்கியபின் ஏதேனும் குறைந்ததா, ஐயா?

பண்டிதர்: நிறை குறைந்தது. பத்தியம் உடலில் பிடிக்கத் தொடங்கியதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

தாதி: அரிப்பு?

பண்டிதர்: அரிப்புப் பிடிவாதக்காரக் குடும்பத்தில் பிறந்தது, அதற்குக் காலம் எடுக்கும்.

தாதி: கச்சான் தின்றபோது பிள்ளைக்கு உதடு வீங்கியதா, வாந்தி வந்ததா, உடல் முழுவதும் தடித்ததா?

பண்டிதர்: ஒன்றும் நேரவில்லை. நேராதிருக்கும்பொருட்டே நிறுத்தப்பட்டது.

தாதி: உண்டவுடன் இவ்வாறு நேர்ந்தால் அது உணவு ஒவ்வாமை, அதைச் சோதித்தறிந்து அந்த ஓர் உணவை விலக்குவது முறை. சோதியாமல் எல்லாவற்றையும் விலக்கினால் பிள்ளை மெலிவதோடு, ஒவ்வாமை தோன்றுவதற்கும் அதுவே வழிவிடக்கூடும். இலண்டனில் கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 கைக்குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்குக் கச்சானைக் குழந்தை விழுங்கக்கூடிய பக்குவத்தில் கொடுத்தும் மறு கூற்றுக்கு விலக்கியும் ஐந்து வயதுவரை பார்த்தார்கள்; 2015இல் முடிவு வந்தபோது, கச்சான் ஒவ்வாமை மிகுந்திருந்தது விலக்கிய பக்கத்தில்தான்.

பண்டிதர்: இலண்டன் கச்சானுக்கு வீரியம் குறைவாக இருக்கும். அது கிடக்க, உணவில் குற்றமில்லையெனில் குற்றம் எங்கே?

தாதி: வேலியில். தோலின் மேலடுக்கைக் கிடுகு வேலியாகக் கொள்ளலாம். அவ்வேலியை இறுக்கிப் பிடிக்கும் பொருள்களுள் ‘ஃபிலாக்ரின்’ என்ற புரதமும் ஒன்று. அதை ஆக்கும் மரபணுவில் பழுதுள்ளவர்களுக்கு எக்சிமா வரும் வாய்ப்பு மிகுதி என்பது 2006இல் வெளிப்பட்டது. கிடுகு இற்ற வேலியினூடாக உள்ளிருக்கும் ஈரம் வெளியேற, வெளியிலுள்ள தூசியும் கிருமியும் சவர்க்காரக் காரமும் கட்டாக்காலி மாடுகளாய் உள்ளே நுழைகின்றன; உடலின் காவற்படை அவற்றோடு பொருதும் அமளியே சிவப்பும் அரிப்பும். சொறியச் சொறிய வேலி மேலும் பிய்கிறது. மாடு புகுந்த வீட்டில் வேலியை அடைக்காமல் அடுக்களையைப் பூட்டுவதுபோல் இருக்கிறது இந்தப் பத்தியம்.

(வேலிக்காகத் தலைமுறை கடந்து வழக்காடிய குடாநாட்டில் வேறெந்த உவமையும் இவ்வளவு விரைவாக விளங்கியிராது.)

பண்டிதர்: அப்படியானால் குற்றவாளி தண்ணீரே. சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறிவரும் நீரல்லவா? கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே விளங்கும். பேரனை இந்த நிலாவரையில் குளிக்க வார்த்தால்? இராமபிரான் அம்பால் உண்டாக்கிய கிணறு!

தாதி: அம்பு தைத்ததும் அதே சுண்ணாம்புக் கல்லில்தான், ஐயா, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ள கிணறு இது. வன்னீர், அதாவது சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீர், உள்ள இடங்களில் பிள்ளைகளுக்கு எக்சிமா கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆயினும் இங்கிலாந்தில் 336 சிறுவரைக் கொண்டு, ஒரு சாராரின் வீடுகளில் நீரை மென்மையாக்கும் இயந்திரம் பூட்டிப் பார்த்தபோது, முன்பே வந்துவிட்ட நோயில் வேறுபாடு தென்படவில்லை என்று 2011இல் அறிவித்தார்கள். வன்னீரில் நுரை எழவில்லையென்று துணி தோய்க்கும் சவர்க்காரத்தைப் பிள்ளையின் உடம்பில் மேலும் மேலும் தேய்க்கும் கைதான் உடனே நிறுத்தத்தக்கது. குளிப்பு வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாக முடிய வேண்டும். ஈரம் காயுமுன் வாசனையற்ற ஈரப்பசைக் கிறீமைத் தாராளமாகப் பூச வேண்டும். சோளகம் வீசி வியர்வையும் புழுதியும் சேரும் மாதங்களில் இது இன்னும் அவசியம். வேலி அடைப்பு ஆண்டுக்கு ஒருமுறை. இந்த அடைப்பு நாளுக்கு இருமுறை.

பண்டிதர்: அடுத்து ஸ்டீரொயிட் என்பாய். அது நஞ்சு, தோலை உருக்கும்! தமிழறியாத அந்நிய மருத்துவத்தின் சூழ்ச்சி!

தாதி: 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இங்கு வந்த கிறீன், பின்னர் மானிப்பாயில் அந்த அந்நிய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1952 முதல் தோலில் பூசப்பட்டுவரும் ஹைட்ரோகோர்ட்டிசோன், ஸ்டீரொயிட்டுகளுள் மென்மையான வகை. கடும் வகைகளை முகத்திலும் மடிப்புகளிலும் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும் என்பது மெய். வைத்தியர் சொன்ன வகையை, சொன்ன நாள்வரை பூசினால் அந்த ஆபத்து மிகக் குறைவு. பேரனுக்கு இப்போது பூசப்படுவது என்ன?

பண்டிதர்: (மடியிலிருந்து பெயரோ முகவரியோ இல்லாத சிறு பேணியொன்றை எடுத்து) தூய மூலிகை. மூன்றே நாளில் தோல் பளிங்காகிவிடும். நிறுத்திய நாலாம் நாள் மட்டும் இருமடங்காகத் திரும்பும். ஆறு மாதமாக முகத்துக்கும் இதுதான்.

தாதி: இலண்டனில் மூலிகைப் பூச்சென்று விற்கப்பட்ட 11 சீனக் களிம்புகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டபோது, 8இல் டெக்சாமெதசோன் என்ற வலிய ஸ்டீரொயிட் இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கைதடியில் சித்த மருத்துவம் கற்பிக்கிறது; அங்கே முறையாகப் பயின்றவரிடம் மருந்தின் பெயரையாவது கேட்கலாம். இந்தப் பேணியிடம் எதைக் கேட்பது?

(பண்டிதர் பேணியை முகர்ந்து பார்க்கிறார், வாழ்நாள் முழுவதும் எதிர்த்த கட்சிக்கு அறியாமலே வாக்களித்துவந்த மனிதரின் முகம் அவருக்கு வாய்க்கிறது.)

தாதி: பேணியைக் கையிலெடுத்துக்கொண்டு பிள்ளையோடு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மஞ்சட் பொருக்கு, சீழ், காய்ச்சல், கூட்டமாக எழும் வலிமிக்க கொப்புளம் ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால் அன்றே செல்ல வேண்டும்.

பண்டிதர்: அங்கே தரும் பூச்சுக்கு அளவு உண்டோ?

தாதி: உண்டு. வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகைவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். ‘விரல்நுனி அளவு’ என்ற இக்கணக்கு 1991இல் வகுக்கப்பட்டது.

பண்டிதர்: பத்தியம்?

தாதி: இல்லை.

பண்டிதர்: பத்தியமில்லாத மருந்தை இந்த ஊர் மதிக்காது, பிள்ளை. கத்தரிக்காய் ஒன்றையாவது விலக்கில் வைத்துக்கொள்ள இடமுண்டோ?

தாதி: பேரனுக்குக் கத்தரிக்காய் பிடிக்குமா, ஐயா?

பண்டிதர்: கண்ணிலும் காட்டக்கூடாது.

தாதி: அப்படியென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.