சைபர் சித்தப்பா

லேப்டாப்பின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. சித்தியின் அட்டையிலிருந்து உரித்த அரக்குச் சிவப்பு, நடுத்தர சைஸ், கேமராவை அச்சுப் பிசகாமல் மூடியிருக்கும். பசை காய்ந்து விழுந்தால் அன்றைக்கே புதுசு ஒட்டப்படும். அந்தப் பொட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம், இது சைபர் சித்தப்பாவின் வீடு என்று. குடும்பத்துக்கு ஒருவர், அபார்ட்மெண்டுக்கு இருவர், ஓய்வூதியர் சங்கத்துக்கு அரை டஜன் என்று ஊர் ஊராக நிறைந்திருக்கிறார். சில வீடுகளில் பெரியப்பாவாக, சில அலுவலகங்களில் சூப்பரிண்டெண்டாக, அபூர்வமாக முப்பது வயது மாப்பிள்ளையாகக்கூட அவதரிப்பதுண்டு. பொட்டுக்கு ஆதாரம் கேட்டால் தயாராக வைத்திருப்பார். 2016 ஜூனில் இன்ஸ்டாகிராம் 50 கோடிப் பயனர்களை எட்டியதைக் கொண்டாட மார்க் ஸக்கர்பர்க் ஒரு படம் போட்டார். அதில் பின்னால் மேஜைமேல் தெரிந்த லேப்டாப்பில் கேமராவுக்கும் டேப், மைக்குக்கும் டேப். “அவனே மூடி வெச்சிருக்கான்னா என்ன அர்த்தம்?” என்பார் சித்தப்பா. தன் ஓட்டலில் தானே சாப்பிடாத முதலாளியைப் பார்த்தால் யாருக்கும் வருகிற சந்தேகம்தான் அது. குறை சொல்ல முடியாது.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், பாவம் விவரம் போதவில்லை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அது சரியில்லை. பெகாசஸ், ஸ்னோடென், டார்க் வெப், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகனுக்கே தெரியாத பெயர்களைச் சொல்வார். கோளாறு திசையில் இருக்கிறது. தூரத்தில் இருப்பவன் திருடன், பக்கத்தில் இருப்பவன் நம்ம தம்பி: அவருடைய கணினிப் பாதுகாப்புக் கொள்கை முழுவதையும் இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம். கலிஃபோர்னியாவிலும் பெய்ஜிங்கிலும் உட்கார்ந்து யாரோ தன் வீட்டு ஹாலை உற்றுப் பார்க்கிறான் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. தெருமுனையில் இருப்பவன்மேல் ஐயப்படுவதோ அவர் அகராதியில் மரியாதைக் குறைவு.

தூரத்துத் திருடன் விஷயத்தில் அவருடைய முதன்மையான சாட்சியம் மிக்ஸி. “நேத்து ராத்திரி சித்திகிட்ட மிக்ஸி மாத்தணும்னு பேசிட்டிருந்தேன். காலையில ஃபோனைத் திறந்தா மிக்ஸி விளம்பரம். மைக் வழியா கேக்கறான்யா!” இதைப் பொய் என்று ஒதுக்க முடியாது, விளம்பரம் வந்தது உண்மை. ஆனால் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய ஆப் ஒன்றும் அவர்களுக்குச் சிக்கவில்லை. சிக்கியது வேறு: சில ஆப்கள் தங்கள் திரையில் நாம் தட்டுவதையும் தடவுவதையும் வீடியோவாகப் பிடித்து மூன்றாவது கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. சித்தப்பா மைக்குக்குக் காவல் நிற்கிறார். திரை வழியாக வண்டி போகிறது. மேலும், மிக்ஸி பற்றி ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய மிக்ஸியின் ஜார் விலையை சித்தி முந்தின நாள் தேடியிருப்பார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். போன வருஷம் மிக்ஸி விற்கும் கடையில் ஏன் என்று கேட்காமலே ஃபோன் நம்பர் கொடுத்துவிட்டு வந்ததும் சித்தப்பாதான். பில் போடும் பெண் கேட்டுவிட்டாள், எப்படி மறுப்பது? அன்றைக்கு வந்த சோப்பு, செருப்பு, ரியல் எஸ்டேட் விளம்பரங்களை எல்லாம் தள்ளிவிட்டு மிக்ஸியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வது அவருடைய கணக்கு. ஜோசியர்களின் கணக்கும் இதுவே.

இப்போது பக்கத்துக்கு வருவோம். ஜெராக்ஸ் கடைச் சுவரில் லேமினேட் செய்து தொங்கும் வாட்ஸ்அப் எண்ணுக்குத் தன் ஆதார் பிடிஎஃப்-ஐ அனுப்புகிறார் சித்தப்பா. காலையிலிருந்து வந்த ஊராரின் ஆதார், பான், பத்திர நகல், யாரோ ஒரு பெண்ணின் ஜாதகம் எல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் ‘டவுன்லோட்ஸ்’ என்ற ஒரே ஃபோல்டரில் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. பிடிஎஃப்-க்குப் பூட்டு உண்டு. சாவி என்னவென்றால், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, அதையே சாவியாகவும் வைத்த மாதிரி. 2022 மே 27-ல் ஆதார் ஆணையத்தின் ஓர் அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், எண்ணை மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று எச்சரித்தது. 29-ம் தேதி அந்த எச்சரிக்கை வாபஸ் ஆனது, தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று காரணம் சொல்லி. அரசாங்கமே இரண்டு நாளில் மனசு மாறும்போது சித்தப்பாவை மட்டும் எப்படிக் குறை சொல்வது என்று கேட்டால், அதுவும் நியாயம்தான்.

விண்டோஸ் போடும் வைபவம் இன்னும் ரசமானது. மைக்ரோசாஃப்ட் பகல் கொள்ளைக்காரன் என்பதால் சர்வீஸ் கடைத் தம்பி பென்டிரைவில் கொண்டுவரும் ‘கிராக்’தான் போடுவார். “அதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடணும் சார், இல்லேன்னா வைரஸ்னு சொல்லும்” என்கிறான் தம்பி. சித்தப்பா தலையாட்டி அணைக்கிறார். வைரஸ் என்று சொல்வது ஒருவேளை வைரஸாக இருப்பதால் இருக்குமோ என்கிற எண்ணம் அந்த அறையில் யாருக்கும் எழுவதில்லை. பிறகு பாதுகாப்புக்காக ஒரு ஆன்டிவைரஸும் போடப்படும். அதுவும் கிராக்.

அப்டேட் விஷயத்தில் அவரை மடக்குவது கஷ்டம், ஏனென்றால் அவர் கையில் உண்மையான சான்றுகள் இருக்கின்றன. “அப்டேட் போட்டா ஃபோன் ஸ்லோவாகும், புது ஃபோன் வாங்க வைக்கிற தந்திரம்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, பேட்டரி தேய்ந்த பழைய ஐஃபோன்களின் வேகத்தைத் தன் அப்டேட் குறைப்பதை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஃபோன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் செய்தோம் என்பது கம்பெனியின் விளக்கம். சித்தப்பா முதல் பாதியை மட்டும் கட்டம் கட்டி வைத்திருக்கிறார். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருடனைப் பிடிக்க வைத்த நாய் வீட்டுக்காரரையே கடித்தது. “நான் அப்பவே சொன்னேன்” என்று அன்று அனுப்பியதுபோல அவர் என்றுமே அத்தனை குரூப்புகளுக்கு ஃபார்வர்டு அனுப்பியதில்லை. (ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி 2018-ல் வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பு வைத்ததைத் தன்மேல் தொடுக்கப்பட்ட தாக்குதலாகவே அவர் கருதுகிறார்.) ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் போட வேண்டுமே. 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற தீநிரல் கிளம்பி நூற்றைம்பது நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்திருந்தது. இரண்டு மாத காலம், உலகம் முழுக்க உள்ள சித்தப்பாக்கள் ‘பிறகு நினைவூட்டு’ என்ற பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். அப்டேட்டால் கெட்டது அன்றைக்கே தெரிகிறது. போடாததால் கெட்டது ஒரு நாள் மொத்தமாகத் தெரிகிறது.

கம்பெனிகளை அவர் எடை போடும் முறை பெண் பார்க்கப் போகும் முறை. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், குலம் என்ன. 2021-ல் ஜோஹோ வெளியிட்ட அரட்டை ஆப்பை 2025 செப்டம்பரில் ஊரே இறக்கியபோது சித்தப்பா முன்னணியில் நின்றார். “நம்ம ஊர்க்காரன் பண்ணது, டேட்டா நம்ம நாட்டுலயே இருக்கும், எல்லாரும் மாறுங்க” என்று அனைவருக்கும் செய்தி அனுப்பினார், வாட்ஸ்அப்பில். நம் ஊர் நிறுவனத்தை ஆதரிப்பது நல்ல காரியம். ஆனால் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் கேட்க வேண்டிய கேள்வி, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாத பூட்டு இருக்கிறதா என்பது. அந்தச் சமயத்தில் அரட்டையின் அழைப்புகளுக்கு அது இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு வந்திருக்கவில்லை. பூட்டைப் பார்க்காமல் பூட்டுக்காரரின் கோத்திரத்தைப் பார்த்தார் சித்தப்பா. இதே நோய் படித்தவர்களுக்கும் உண்டு. மைக்ரோசாஃப்ட் என்றால் அசுரர், லினக்ஸ் என்றால் தேவர் என்று நம்பும் இளைய சித்தப்பாக்கள் பலர். 2024 மார்ச்சில் லினக்ஸ் உலகில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்-இஸட் என்ற சிறு மென்பொருளுக்குள் ஒரு கள்ளக்கதவு வெளிப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் பணிவாக உதவி செய்து, பொறுப்பாளரின் நம்பிக்கையைச் சம்பாதித்த முகம் தெரியாத ஓர் ஆசாமி வைத்தது. லாகின் ஆக அரை வினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று குடைந்து அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். அவர் வேலை பார்த்த இடம் மைக்ரோசாஃப்ட். தேவர் வீட்டுக் கள்ளக்கதவை அசுரர் வீட்டுப் பிள்ளை காட்டிக்கொடுத்தால் புராணத்தை எங்கே கொண்டு வைப்பது?

ஒரு விஷயத்தில் மட்டும் சித்தப்பாவிடம் நாம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது பாஸ்வேர்டு எழுதிய டைரி. போன வருஷ வங்கி டைரி, பச்சை அட்டை, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் பொருள் இதுதான். ஆனால் ரஷ்யாவில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கரால் மன்னார்குடியில் இருக்கும் பீரோவைத் திறக்க முடியாது. சித்தப்பா தெரியாமல் செய்த உருப்படியான பாதுகாப்பு ஏற்பாடு அது ஒன்றே. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வை, அடிக்கடி மாற்று என்று அவரை வதைத்தது நிபுணர்கள். அந்த விதியை 2003-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-ல் பத்திரிகைப் பேட்டியில் சொல்லிவிட்டார். அந்த நிறுவனமும் அதே வருஷம் விதியைத் தளர்த்தியது. பல வங்கித் தளங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஆகவே சித்தப்பா, தன் பெயருக்குப் பின்னால் ‘@123’ சேர்த்து, மாற்றச் சொல்லும்போது ‘@124’ ஆக்கி, விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்து வருகிறார்.

“இவ்வளவு பயம் இருப்பது நல்லதுதானே, பயந்தவன் ஏமாற மாட்டான்” என்று யாராவது வாதாடலாம். அங்கேதான் கதை திரும்புகிறது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒரு மோசடி பரவி, சட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. அதில் வரும் முதல் வசனத்தைக் கவனியுங்கள்: உங்கள் ஆதாரை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. சித்தப்பா பல வருஷமாக ஃபார்வர்டு செய்துவந்த செய்தி இது! எச்சரித்தபோது வீட்டில் யாரும் கேட்கவில்லை. இப்போது காக்கிச் சட்டை போட்ட ஓர் அதிகாரி வீடியோவில் வந்து, நீங்கள் சொன்னது அத்தனையும் சரி சார் என்கிறார். அவரை எப்படிச் சந்தேகிப்பது? அவர் ஒருவர்தானே புரிந்துகொண்டவர்! ஓடிபி கேட்கும் வங்கிக் குரலும் இப்படித்தான், “சார், சாப்டாச்சா” என்று ஆரம்பித்து இரண்டே நிமிஷத்தில் தம்பியாகிவிடும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை, போட்டால் போகும், வராது. இந்த ஒரு சங்கதி பெகாசஸைவிட அவருக்கு உபயோகமாக இருந்திருக்கும். தூரத்துத் திருடனைப் பற்றி அவர் படித்த அளவுக்கு, பக்கத்துத் திருடன் அவரைப் பற்றிப் படித்திருக்கிறான்.

இதற்காக அவரை ஒதுக்கித் தள்ளிவிடவும் கூடாது. புரியாத மொழியில் ‘ஏற்கிறேன்’ என்ற பட்டனை நீட்டுகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கும் இருபத்தெட்டு வயசு, “என்னை ஹேக் பண்ணி என்னடா கிடைக்கப்போகுது” என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிட்டுத் தூங்குகிறது. சித்தப்பா ஒரு கணமாவது தயங்குகிறார். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஓய்வூதிய உயிர்ச் சான்று எடுக்க, ரேகை விழாத விரலை ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து இரண்டு மணி நேரம் போராடுவதும் அவரே. பணம் போனவர்களுக்கு 1930 என்ற உதவி எண்ணை உடனே கூப்பிடு என்று சொல்லத் தெரிந்தவரும் அந்தத் தெருவில் அவர்தான், தனக்குப் போனதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார் என்றாலும்.

ஜெராக்ஸ் கடையில் பிடிஎஃப் திறக்கவில்லை. “பாஸ்வேர்டு சார்?” என்கிறான் பையன். பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். “எல்லாம் கேப்பிடல்ல போடு தம்பி” என்று எழுத்தெழுத்தாக, மார்க்கெட்டில் விலை சொல்லும் குரலில் சொல்கிறார் சித்தப்பா, வருஷத்தையும் சேர்த்து. பிரதி வெளியே வரும்வரை கடைக் கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்வையை ஓட்டுகிறார். பிறகு சட்டைப் பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்து நீட்டுகிறார்.

“கேமரா மேல ஒண்ணு ஒட்டிடு தம்பி.”

“சார், இதுல கேமராவே இல்ல.”

“அதான் சொல்றேன். தெரியாத மாதிரி வெச்சிருக்கான்.”