திருமதி அப்பா

பேங்கிலிருந்து இப்போதுதான் வந்தேன். வந்த கோபத்தில் செருப்போடு கூடத்துக்குள் நுழைந்து, அதற்கும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போக என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று ஜூனியர் ஒருத்தி ஒரு மாதமாகக் கேட்கிறாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முக்கியமாக, குளிர் கோட்டை இங்கே வாங்குவதா, அங்கே போய் வாங்குவதா என்பதை. அதற்கு வருகிறேன். முதலில் இந்த இனிஷியல்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அது என் பெயருக்கு முன்னால் நிற்கிறது. டிகிரி சர்டிபிகேட்டில் பின்னால் போய்விட்டது. பாஸ்புக்கில் புள்ளியைத் தொலைத்துவிட்டுப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாஸ்போர்ட்டிலோ சர்நேம் கட்டத்தில் அப்பாவின் முழுப் பெயராகவே விரிந்து சம்மணம் போட்டிருக்கிறது. ஆக, நான் நாலு பேர். நாலு பேரும் ஒருத்திதான் என்று முத்திரைத்தாளில் டைப் அடித்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினோம். அந்தத் தாளில் ஓர் எழுத்துப் பிழை. இப்போது ஐந்து பேர்.

அப்பாவின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். பழனியாண்டவர் பெயர்களில் ஒன்று. மீசை இல்லாதவருக்கு ஒட்டாது. அட்மிஷன் கடிதம் அந்தப் பெயருக்குத்தான் வந்தது, முன்னால் 'ஃப்ராவ்' போட்டு. ஃப்ராவ் என்றால் திருமதி. அப்பா அதைத் தெருவுக்கே படித்துக் காட்டினார். "பத்தாங்கிளாஸ்ல கணக்குல கோட்டை விட்டவன் நான். ஜெர்மன்காரன் கூப்பிட்டு எம்.எஸ். சீட்டு குடுத்திருக்கான் பாருங்க!"

விசா படிவம் இன்னும் ஆழமாகப் போகிறது. பிறந்தபோது என் குடும்பப் பெயர் என்னவாம். பிறந்தபோது எனக்குப் பெயரே இல்லை, மூன்று மாதம் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டார்களாம். குடும்பப் பெயருக்கு எங்கே போவது? எனக்கு அப்பா பெயர். அப்பாவுக்குத் தாத்தா பெயர். அம்மாவுக்குப் பாதி சர்டிபிகேட்டில் அவள் அப்பா, மீதியில் என் அப்பா. ஒரே ரேஷன் கார்டில் மூன்று குடும்பம். பெயரின் வாலில் இருந்த சாதிப் பட்டத்தை வெட்டச் சொல்லி 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். நல்ல காரியம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டிய இடத்தில் ஒருவன் கட்டம் போட்டுக் கேட்பான் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சர்நேமைக் காலியாக விட்டுவிடலாமே என்பீர்கள். எதிர்வீட்டு அண்ணன் விட்டார். பெயர் முழுவதும் சர்நேம் இடத்துக்குப் போய், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று வந்தது. முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஆபீஸில் அவரை 'ஃப்னு' என்று கூப்பிடுகிறார்களாம். பாட்டி விசாரித்தாள்: "நல்லாத்தான் இருக்கு, எந்தச் சாமி பேரு?"

பெயர் தவிர மற்றதெல்லாம் தயார். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதினேன். படிப்புச் சான்றிதழ்கள் அசல்தான் என்று சொல்லும், 2022 நவம்பரிலிருந்து கட்டாயமாகிவிட்ட ஏ.பி.எஸ். சான்றும் வாங்கினேன். ப்ளாக்டு அக்கவுண்ட்டில் ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் 11,904 யூரோ போட வேண்டும். அப்பா கடன் வாங்கி அதையும் புரட்டிவிட்டார். இன்று அனுப்பப் போனால் கவுண்ட்டரில், "ஃபார்ம்ல இருக்குறதும் பாஸ்புக்ல இருக்குறதும் வேற வேற ஆளும்மா" என்கிறார். நோட்டரி தாளை நீட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்:

"சரி, இது யாரு?"

திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். சர்நேம் கட்டத்தில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். அப்பா இப்போதே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மீசைக்குச் சாயம் அடித்துக்கொண்டிருக்கிறார்.