வல்லினம் மிகும் போராட்டம்

மாலை ஐந்தரைக்கு என் அக்கா மகன் போன் செய்தால், எங்கோ ஒரு ஏரி சாகக் கிடக்கிறது என்று அர்த்தம். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "மாமா, ஒற்று வருமா வராதா? டக்குனு சொல்லுங்க." முப்பத்துநான்கு வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட மரியாதை வேறு யார் தரப்போகிறார்கள்?

அவனுக்கு வயது இருபத்துநாலு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. சம்பளம் அங்கே, உயிர் போனில். காலையில் பல் தேய்க்கும்போதே கண்டனம் ஒன்று எழுதிவிடுவான். வாய் நுரையோடு இருப்பதால் அந்த நேரத்தில் கட்டைவிரல்தான் பேச வேண்டும்.

அவன் போராட்டம் எல்லாம் ஆறு மணிக்குத்தான். ஏன் என்று கேட்டேன். "மொத்தம் எத்தனை பேர் எழுதினாங்கங்கறது மட்டும் கணக்கில்ல மாமா. திடீர்னு எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பார்த்துதான் டிரெண்டிங்ல எடுக்கும். நாள் பூரா ஆளுக்கு ஒண்ணா போட்டா கண்டுக்காது. எல்லாரும் ஒரே நேரத்துல கொட்டணும்." புரிந்துவிட்டது. கெட்டிமேளம். தாலி ஏறும் நொடியில்தான் அட்சதை விழ வேண்டும். பந்தியில் உட்கார்ந்த பிறகு வீசினால் சாம்பாரில் விழும். ஆகவே ஆறு மணிவரை அந்த ஹேஷ்டேக்கை யாரும் வாய்தவறியும் எழுதக் கூடாது. நல்ல நேரம் பார்ப்பது மூடநம்பிக்கை என்று முந்தின நாள்தான் அவன் ஒரு பதிவு போட்டிருந்தான்.

எனக்கு ஒப்பாதது ஒன்றுதான். ஹேஷ்டேக்கில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடக் கூடாதாம். விட்டால் அங்கேயே அறுந்துவிடுமாம். 'பிரித்து எழுதுக' என்று சிவப்பு மையால் எழுதி எழுதியே விரல் காய்த்தவன் நான்.

அவன் முகத்தை நாங்கள் நேரில்தான் பார்க்க முடியும். போனில் அவன் படம் இருந்த இடத்தில் 2020 ஜூனில் கறுப்புச் சதுரம் இருந்தது. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்காக உலகமே அப்படி வைத்த நேரம். பிறகு ஒரு நதி. பிறகு ஒரு யானை. ஒருமுறை எரியும் மெழுகுவத்தியை வைத்துவிட்டான். மறுநாள் விடியற்காலை திருநெல்வேலியிலிருந்து பெரியம்மா போனில் கதறினாள்: "ஐயோ, பிள்ளைக்கு என்னல ஆச்சு?" போனை எடுத்தது பிள்ளையேதான். ஆனாலும் அழுகையைப் பாதியில் நிறுத்தத் தெரியாமல் முழுதும் அழுது முடித்துவிட்டுத்தான் வைத்தாள்.

எதிர்ப்பவர்களை அவன் மன்னித்தாலும் மன்னிப்பான். பேசாமல் இருப்பவர்களை விடமாட்டான். 2024 மே மாதம் காஸாவின் ரஃபா நகர் பற்றிய அந்தப் படம், செயற்கை நுண்ணறிவு வரைந்த கூடாரப் படம், இன்ஸ்டாகிராமில் நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பகிர்ந்தது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. கீழே ஒரு கேள்வி: "மாமா ஏன் மௌனம்?" நான் அந்தக் குழுவில் எதற்குத்தான் பேசியிருக்கிறேன்? வீட்டில் என் வேட்டி எந்தப் பீரோவில் இருக்கிறது என்பதற்கே குரல் கொடுக்கத் துணிவில்லாதவன். "கண்டிக்கிறேன்" என்று அனுப்பினேன். அதற்கு முந்தைய செய்தி மச்சினியின் கல்யாண நாள் என்பதை அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்.

கேலி செய்தால் அவன் 2017 ஜனவரியை எடுப்பான். "மெரினா மறந்துபோச்சா மாமா? ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் எப்படி வந்துச்சு?" மெரினாவில் பிள்ளைகள் இருட்டில் செல்போன் வெளிச்சம் பிடித்து உட்கார்ந்திருந்த அந்த ஒரு வாரம் இவனுக்குப் பதினைந்து வயது. அக்கா வெளியே விடவில்லை. முடிச்சூர் வீட்டு மொட்டைமாடியில் நின்று கடற்கரை இருக்கும் திசைக்கு டார்ச் அடித்தான். நடுவில் முப்பது கிலோமீட்டர்.

ஆனால் அந்த மொட்டைமாடியைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் அக்காவும் அவனும் அதே மாடியில்தான் நின்றார்கள். எனக்கு லைன் கிடைக்கவில்லை. நான் அறிந்த பெரிய மனிதர்கள் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பயல், சார்ஜ் தீரப்போகும் போனில், கதவு எண்ணையும் தெருவையும் எழுதி ட்விட்டரில் போட்டான். பெங்களூரில் யாரோ ஒரு பெண் அதைப் பார்த்து, யாருக்கோ சொல்லி, அவர் யாருக்கோ சொல்லி, மாலையில் படகு வந்தது. அந்தப் பெண் யார் என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து, முகவரியைச் சரியாக எழுதினால் எல்லாவற்றுக்கும் படகு வரும் என்று நம்புகிறான்.

வராத படகுகளும் உண்டு. 2019 மே மாதம், 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் வடிவேலு தலையில் விழுந்த சுத்தியலுக்காக அவரது பாத்திரமான நேசமணி குணமடைய உலகமே பிரார்த்தித்தபோது, இவனும் இரவெல்லாம் பிரார்த்தித்தான். அதற்குப் பத்து நாள் முன்பு தெருக்குழாய் வறண்டதற்கு இவன் எழுதியதற்கு விழுந்த லைக் மூன்று. ஒன்று என்னுடையது. இன்னொன்று தண்ணீர் லாரிக்காரருடையது.

சரி, ஏரிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ஏரியில் குப்பை கொட்டினார்கள். ஆறு மணிக்கு #ஏரியைகாப்போம் கிளம்பியது. முதல்முறையாக என்னைக் கேட்காமல் கிளப்பிவிட்டான். ஆறு ஐந்துக்குப் பார்த்தேன், ரத்தம் கொதித்தது. இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக நிற்கிறது, பின்னால் ககரம், ஒற்று எங்கே? போன் போட்டேன். "க் மிகும்டா!" பையன் நல்லவன், மாமா சொல் தட்டாதவன். ஆறு பத்துக்கு #ஏரியைக்காப்போம் என்று மாற்றச் சொன்னான். பாதிப் பேர் மாறினார்கள். மீதிப் பேர், மக்கள் மொழியில் இலக்கணத் திணிப்பா என்று பழையதிலேயே நின்றார்கள். ஆறரைக்கு இரு தரப்பும் குப்பையை விட்டுவிட்டுத் தொல்காப்பியத்துக்குப் போய்விட்டன. கூட்டம் இரண்டாகப் பிரிந்ததில் இரண்டுமே டிரெண்டிங்கை எட்டவில்லை. அன்று முதலிடம் ஒரு நடிகரின் பிறந்தநாளுக்கு.

"ஒரு புள்ளி வச்ச எழுத்துல ஏரி போச்சு மாமா" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன். "உருபைத் தூக்கிடு. வேற்றுமைத் தொகை ஆக்கிடு. 'ஏரி காப்போம்'. இந்த உருபு மறைஞ்சு நின்னா ஒற்று மிகாது. இலக்கணமும் தப்பில்ல, உங்க ஆளுங்களும் சண்டை போட முடியாது." எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. "மாமா, நீங்க லெஜண்ட்" என்றான். பொருள் பார்த்தேன், நல்லதுதான்.

அன்று ஆறு மணிக்கு நானும் புதுக்கணக்கு தொடங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்து, கெட்டிமேளம் தவறாமல் என் முதல் பதிவைப் போட்டேன். ஐந்தாவது நிமிடம் போன்.

"மாமா, நடுவுல ஸ்பேஸ் விட்டுட்டீங்க."

"பிரித்து எழுதினேன்டா."

"அதான். உங்க ஏரி மட்டும் தனியா போயிடுச்சு."