‘தி’ போட்டால்தான் ஊர்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில் ஒரு புறநகர் இருக்கிறது. அதை வெறுமனே ‘வுட்லண்ட்ஸ்’ என்று சொன்னால் ஊர்க்காரர் முகம் சுளிப்பார். ‘தி வுட்லண்ட்ஸ்’ என்றே சொல்ல வேண்டும். வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் அந்த ‘தி’ பெரிய எழுத்தில்தான் தொடங்கும். ஆனால் அங்கே குடியிருக்கும் ஒருவரைச் சொல்லும்போது ‘எ வுட்லண்ட்ஸ் ரெசிடென்ட்’ என்றாகி, அத்தனை மரியாதையும் சத்தமில்லாமல் கழன்றுகொள்ளும்.

எண்ணெய், எரிவாயுத் தொழிலில் பெரும்பணம் பார்த்த ஜார்ஜ் மிட்செல் 1974இல் திறந்துவைத்த குடியிருப்பு இது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் சட்டப்படி இது நகரமே அல்ல! நகரமாக்கலாமா என்று 2021 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றுவிட்டார்கள் மக்கள். மேயர் இல்லாமல் இருந்துகொள்வார்கள், ‘தி’ இல்லாமல் முடியாது.

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே போனால் வழக்கு வேறு.

சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற சுகர் லேண்டில் தகராறு இடைவெளியைப் பற்றியது. இரண்டு சொல்லாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். அதே 1974இல் வந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் படத்தின் தலைப்போ ‘தி சுகர்லேண்ட் எக்ஸ்பிரஸ்’. பின்னாளில் வந்த ‘சுகர்லேண்ட்’ இசைக்குழுவும் சேர்த்தே எழுதிக்கொண்டது. ஊரிலிருந்த சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலையை 2003இல் மூடிவிட்டார்கள். நகராட்சி மட்டும் இன்றுவரை பிரித்தே எழுதுகிறது.