ஏழு அடுக்குப் பிள்ளை

பின்லாந்தின் ரொவனியெமியில் டிசம்பர் கடைசியில் பகல் என்பது இரண்டு மணி நேரமும் சொச்சமும்தான். அதில் பாதி, மூன்று வயதுப் பிள்ளைக்கு உடுப்பு மாட்டுவதிலேயே போய்விடும். கம்பளி உள்சட்டை, ஸ்வெட்டர், பனிக்கோட்டு, இரட்டைக் காலுறை, கையுறை, குல்லாய். கடைசி ஜிப்பை இழுத்து முடித்த நொடியில் 'ஒண்ணுக்கு வருது' என்று குரல் கேட்கும். எல்லாவற்றையும் உரித்து, மறுபடி மாட்டி நிமிர்ந்தால் வெளியே இருட்டு.

போகும் இடம், ஊரையொட்டி ஆர்க்டிக் வட்டத்தில் இருக்கும் சாண்டா கிளாஸ் கிராமம். 1950இல் அமெரிக்க அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் வருகிறார் என்று அவசரமாகக் கட்டிய மரக்குடிலில் ஆரம்பித்தது இந்த வியாபாரம். கடன் வாங்கிக் கூட்டிவந்த பிள்ளை, சாண்டாவின் தாடியைக் கண்டதும் வீறிடும். நடுநிசியில் வடதுருவ ஒளிக்காக அப்பா விறைத்து நிற்பார். வானத்தில் மேகம், மெத்தையில் பிள்ளை. ஊர் திரும்பியதும் என்ன பிடித்தது என்று கேளுங்கள்: ஓட்டல் லிஃப்ட்.

சாண்டா தாத்தா அங்கே வருஷம் முழுக்க இருக்கிறார். ஜூலையில் போங்கள், ஒரு ஸ்வெட்டரோடு முடிந்துவிடும்.