நிமிஷத்துக்கு எட்டுச் சிமிட்டல்

2023-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, காப்பியையும் பத்திரிகையையும் ஏககாலத்தில் அநுபவித்துக்கொண்டு, உலகத்தார் எல்லோரும் என்னைப்போல் சிக்கனமாக இல்லையே என்று மிதமான வருத்தத்தோடு நான் சாய்வுநாற்காலியில் உட்கார்ந்திருந்த சமயத்தில், மேஜைமேல் கிடந்த கைப்பேசி ஒருமுறை உறுமி, எங்கள் வீட்டு மின்கட்டணம் 2,786 ரூபாய் என்ற சமாசாரத்தை அறிவித்தது. இரண்டு மாதத்துக்கு முன் நான் கட்டியது 1,485 ரூபாய். நடுவில் வீட்டில் கல்யாணம் நடக்கவில்லை, விருந்தினர் வரவில்லை, ஏஸிக்குப் போட்டிருந்த துணி உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

முப்பத்துநான்கு வருஷம் பிறருடைய கணக்குகளில் பிழை கண்டுபிடித்து அதற்காகச் சம்பளமும் வாங்கியவன் நான். ஆகவே, சொந்த வீட்டுக் கணக்கில் 1,301 ரூபாய் எங்கே போயிற்று என்று தெரியாமல் குளிக்கப் போவது என் உத்தியோக தர்மத்துக்கே இழுக்கு என்று தோன்றியது. கட்டண அட்டவணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த அட்டவணையை இயற்றியவர் யாரோ, அவர் நாடகத் துறைக்குப் போயிருந்தால் பெரும் கீர்த்தி அடைந்திருப்பார் என்பது என் அபிப்பிராயம். 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் என்பது மங்களகரமான முதல் காட்சி. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் அடங்கி நடந்தவனுக்கு அடுத்த நூறு யூனிட் ஒவ்வொன்றும் 2 ரூபாய் 25 காசு. அதற்கடுத்த இருநூறு 4 ரூபாய் 50 காசு. கடைசி நூறு 6 ரூபாய். ஆக மொத்தம் 1,725 ரூபாய். ஆனால் கை தவறி ஒரு விளக்கைக் கூடுதலாக எரித்து 501-வது யூனிட்டை அவன் தொட்டுவிட்டானோ, அந்த ஒன்றுக்கு 8 ரூபாய் வாங்கிக்கொள்வதோடு நில்லாமல், முன்பு 2 ரூபாய் 25 காசுக்குத் தயவுபண்ணிக் கொடுத்த நூறு யூனிட்டையும் திரும்பக் கூப்பிட்டு, 4 ரூபாய் 50 காசு வீதம் கணக்குப் பார்த்தார்கள். கட்டணம் 1,958 ரூபாய் ஆகிவிட்டது. ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! நாங்களோ 460-லிருந்து ஒரே தாவலில் 604-க்குப் போயிருந்தோம். எங்களுடைய 144 யூனிட்டை யாரோ தின்றிருக்கிறார்கள்.

விசாரணையை வீட்டிலிருந்தே தொடங்கினேன். மகன் இரவு ஒரு மணி வரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பதையும், மருமகள் ஒரே ஒரு சேலைக்காக இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றுவதையும், பேரன் தான் இல்லாத அறைக்கும் விளக்கு வைத்துவிட்டுப் போவதையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் “நிறுத்திவிட்டீர்களா?” என்று சிறு சீட்டுகள் எழுதி ஒட்டினேன். என் தகப்பனார், 1953-இல் நின்றுபோன மதராஸ் டிராமில் ஏறி ஆபீஸுக்குப் போனவர்; மின்சாரம் என்பது டிராம் வண்டி ஓடுவதற்காக ஏற்பட்ட வஸ்து, குடும்பஸ்தனுக்கு 40 வாட் பல்பு ஒன்று போதும் என்பது அவருடைய சித்தாந்தம். அதைச் சாப்பாட்டு வேளையில் இரண்டு முறை எடுத்துச் சொன்னேன். மூன்றாவது முறை நான் தொடங்கியபோது மருமகள் எழுந்து மோர் கொண்டுவரப் போனவள் திரும்பவேயில்லை.

இந்தப் பிரசங்கங்களில் நான் எப்போதும் முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது எங்கள் பழைய ஃப்ரிட்ஜை. 1994-ஆம் வருஷத்துத் தீபாவளி போனஸில் வாங்கிய 165 லிட்டர் பெட்டி. சமையலறைக்குப் புதிது வந்த பிறகு, “எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாம்” என்று மகன் சொன்னதை நான் பலமாக ஆட்சேபித்து, அதைப் பின்பால்கனிக்குக் குடிபெயர்த்து, மாவுக்கும் ஊறுகாய்க்கும் என்று ஒதுக்கிவைத்தேன். ஓடுகிற ஒரு யந்திரத்தை வெளியே தள்ளுவது எவ்வளவு ஊதாரித்தனம்! அதிலும் முன்பெல்லாம் கொஞ்ச நேரம் ஓடி, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு ஓய்ந்துவிடும் அந்தப் பெட்டி, தை மாதக் கடைசி தொட்டு இரவும் பகலும் ஓயாமல் ‘ம்ம்’ என்று உழைத்துக்கொண்டிருந்தது. “இருபத்தெட்டு வயதில் இவ்வளவு சுறுசுறுப்பு! உங்கள் புதுப் பெட்டிகளுக்கு இந்த யோக்கியதை உண்டா?” என்று நான் கேட்டபோது என் சம்சாரம், “தோசை மாவு கல்லா உறைஞ்சு போகுதுங்க. காலையில ஆப்பையால குத்தித்தான் எடுக்கிறேன்” என்றாள். அதையும் நான் பெட்டியின் ஊக்கத்துக்கே சாக்ஷியாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் குற்றவாளி அகப்படாதபோது மனிதனுடைய சந்தேகம் படியிறங்கிப் போவது இயற்கை. எங்கள் குடியிருப்பில் மீட்டர்கள் எல்லாம் கீழே மாடிப்படிக்கு அடியில் வரிசையாக இருக்கின்றன. சில இடங்களில் பொதுத் தண்ணீர் மோட்டாரின் கம்பியை எவனோ ஒரு அப்பாவியின் மீட்டரில் சொருகிவிட்டு வருஷக்கணக்காக ஓட்டினார்கள் என்ற கதைகளை நடைப்பயிற்சி நண்பர்கள் சொன்னார்கள். கீழ்வீட்டுக்காரர் வேறு சமீபத்தில் புதிதாக ஒரு ஏஸி மாட்டியிருந்தார். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புன்னகை செய்வதற்கு அதுவரையில் நான் காரணம் தேடியதில்லை.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்குப் பரிசோதனையை வைத்துக்கொண்டோம். மேலே எல்லா விளக்கும் விசிறியும் நிறுத்தப்பட்டு, டிவி பெட்டியின் பிளக்கும் சமையலறை ஃப்ரிட்ஜின் பிளக்கும் பிடுங்கப்பட்டு, என் சம்சாரமும் மகனும் இருட்டில் கைப்பேசியோடு காத்திருக்க, நானும் பேரனும் டார்ச் விளக்கோடு மீட்டருக்கு முன்னால் குனிந்து நின்றோம். சக்கரம் சுற்றும் பழைய மீட்டராயிருந்தால், அது நின்றதா ஓடியதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இந்தக் காலத்து மீட்டருக்குச் சக்கரம் இல்லை; ஒரு சிறு சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது. 3200 முறை சிமிட்டினால் 1 யூனிட் என்று அதன் முகத்திலேயே அச்சடித்திருக்கிறது.

சிமிட்டியது. எல்லாம் அணைந்திருந்த வீட்டுக்காக அது நிதானமாக, கூச்சமில்லாமல், நிமிஷத்துக்கு எட்டுத் தடவை சிமிட்டியது.

“மணிக்கு 480, தாத்தா. 3200-ஆல வகுத்தா 0.15 யூனிட். ஒரு நாளைக்கு 3.6. அறுபது நாளைக்கு 216!” என்று பேரன் கத்தினான். அந்தச் சத்தத்தில் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. கீழ்வீட்டுக்காரர் கையில் ஒரு நீண்ட தடியோடு வெளியே வந்து, எங்களையும் டார்ச்சையும் பார்த்து, “என்ன சார், பாம்பா?” என்றார்.

திருட்டு மின்சாரம் என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? “ஒரு சின்ன ஆராய்ச்சி” என்று நான் மழுப்பியதுதான் தாமதம், மனிதர் உற்சாகமாகத் தடியைச் சாத்திவிட்டு, “மேலே மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. அப்பவும் சிமிட்டினா வெளியாள் இழுக்கிறான். நின்னா, ஆள் உங்க வீட்டுக்குள்ளேதான்” என்று யோசனை சொன்னார். குற்றம் சாட்டப்பட இருந்தவரே விசாரணையை நடத்த முன்வந்தது எனக்குத் தர்மசங்கடமாக இருந்தது. மகனுக்குச் சொன்னேன். மெயின் அணைந்தது. சிவப்பு விளக்கும் அணைந்தது. நாங்கள் மூவரும் ஒரு முழு நிமிஷம் அந்த இருண்ட கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நிமிஷத்தில் நான் கீழ்வீட்டுக்காரரின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மெயினை மறுபடியும் போட்டதும் கைப்பேசியில் என் சம்சாரத்தின் குரல், பதற்றமே இல்லாமல் வந்தது. “ஏங்க, விசிறியெல்லாம் நின்னு வீடே நிசப்தமா இருக்குது. பின்னால ஒண்ணு மட்டும் ‘ம்ம்’னுகிட்டு இருக்குது. அதையும் நிறுத்தட்டுமா, இல்லே அது உங்க முன்மாதிரியாச்சேன்னு விட்டுடட்டுமா?”

பிடுங்கச் சொன்னேன். சிமிட்டல் நின்றது.

மறுநாள் வந்த மெக்கானிக், பெட்டியின் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ரூபாய் நோட்டைச் சொருகி இழுத்தான். அது வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. “ரப்பர் போச்சு சார். தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கிச்சு. குளிர் போதும்னு கம்ப்ரசருக்குச் சொல்ல ஆளே இல்லை, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்திருக்குது” என்றான். முன்பு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடி இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் குடித்த பெட்டி, முழு நேரமும் ஓடி 216 குடித்திருக்கிறது. வித்தியாசம் 144. என் உத்தியோக காலத்தில் ஒரு கணக்குகூடக் காசு பிசகாமல் இவ்வளவு சுத்தமாக நேரானதில்லை. பழுது பார்க்க அவன் கேட்ட தொகையைச் சொன்னால், மகன் ஏன் சிரித்தான் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பெட்டியை விற்கவும் மனம் வரவில்லை. பின்பால்கனியிலேயே பிளக் இல்லாமல் நிற்கிறது. அதில் புளியும் வரமிளகாயும், மேல் தட்டில் மின்வாரியத்துப் பழைய வெள்ளை அட்டைகளும் இருக்கின்றன.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கத்திரி வெயில் வந்தது; ஏஸியின் உறையும் கழன்றது. கணக்கெடுப்பாளர் ஜூன் முதல் வாரத்தில் வரவேண்டிய நாளன்று காலை நான் கீழே போய் மீட்டரைப் பார்த்து, போன தடவைக் கணக்கைக் கழித்தேன்: 488. வெற்றிதான். அவர் அன்று வரவில்லை. மறுநாள் 493. அன்றும் வரவில்லை. நான் மேலே ஓடிவந்து ஏஸியை அணைத்தேன். வாஷிங் மெஷினுக்கு வாய்தா கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை 497 என்று கண்டதும் சமையலறை ஃப்ரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பனையோலை விசிறியோடு குடும்ப சமேதமாக மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன். கீழ்வீட்டுக்காரரும் தம் நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு 495.

பதினொன்றரை மணிக்கு வியர்வையில் நனைந்த சட்டையோடு கணக்கெடுப்பாளர் வந்து சேர்ந்தார். மீட்டருக்கு முன் குனிந்து, “498” என்றார். பேரன் கைதட்டினான். அந்த மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, “சார், குடிக்கக் கொஞ்சம் ஜில்லுன்னு தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டார்.

நாங்கள் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.