பாணந்துறைக் குரங்கின் சார்பில்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பருத்தித்துறையிலும் நின்றது, தெய்வேந்திரமுனையிலும் நின்றது. வடக்கு, தெற்கு என்று பார்க்காமல் இந்த நாட்டில் சரிசமமாகப் பங்கிடப்படுவது மின்தடை ஒன்றுதான். அன்றே குற்றவாளியும் அகப்பட்டுவிட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டதாக எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி அறிவித்தார். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் ஆணைக்குழுக்களும் அலுவலகங்களும் வருஷக்கணக்கில் கோப்புக் கட்டிக்கொண்டிருக்கிற தேசம் இது. அதில் ஒரு குரங்கைச் சில மணி நேரத்துக்குள் அடையாளம் கண்டது சாதாரண சாதனையல்ல.

அந்தக் குரங்குக்காகப் பேச எவரும் முன்வராததால் நான் வருகிறேன். என் கட்சிக்காரர் படித்தவரல்ல. ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திட்டவரல்ல. 2030ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைக் காற்றிலும் வெயிலிலும் நீரிலும் இருந்தே எடுப்போம் என்று சர்வதேச மேடைகளில் சத்தியம் செய்தவருமல்ல. அவர் செய்ததெல்லாம் ஒரு கம்பியைத் தொட்டதுதான். ஒரு குரங்கு தொட்டால் ஒரு உபமின்நிலையம் இருளலாம். முழுத் தீவும் ஏன் இருண்டது?

பதில் மின்சார சபையின் பொறியியலாளர்களுக்குத் தெரியும். ஞாயிறு என்பதால் தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன, மின் பாவனை குறைவு. உச்சி வெயில், கூரைகளில் இருந்து சூரிய மின்சாரம் கொட்டிக்கொண்டிருந்தது. நீர், அனல் நிலையங்களின் பெரிய சுழலிகள் குறைவாகவே சுழன்றன. வலையமைப்பில் ஓர் அதிர்ச்சி விழும்போது அதைத் தாங்கிக்கொள்வது அந்தக் கனத்த இரும்பின் சுழற்சிதான். அது குறைந்தால் அந்த இடத்துக்கு மின்கல அடுக்குகளும் புதிய கட்டுப்பாட்டுக் கருவிகளும் உறுதியான கடத்திகளும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 70 வீதம் என்று பேசப் பணம் தேவையில்லை, மின்கலம் வாங்கத் தேவை. ஆகவே பேச்சு மட்டும் வாங்கப்பட்டது. தடையோடு நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் படுத்துக்கொள்ள, அடுத்த நாள்களிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு நடந்தது. அதற்கும் ஒரு குரங்கைத் தேடியிருக்கலாம், நேரம் கிடைத்திருக்காது.

குரங்கின் மீதிருந்த சந்தேகம் மெல்லக் கூரைகளின் மீது திரும்பியது. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற திட்டத்தைத் தொடக்கி, கூரையில் தகடு போடுங்கள், மிச்ச மின்சாரத்தை நாங்கள் வாங்குகிறோம் என்று அழைத்தது அரசாங்கமே. மக்கள், வங்கியில் கடன் எடுத்துப் போட்டார்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்ததும் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வந்தது: பகல் வேளையில் உங்கள் சூரிய மின்சாரத்தைத் தயவுசெய்து நிறுத்திவையுங்கள். சூரியன் மேட ராசிக்குள் நுழைவதைப் பொங்கலிட்டு வரவேற்கும் அதே நாள்களில், அதே சூரியனை அணைத்து வைக்கச் சொன்ன ஒரே அரசாங்கம் நம்முடையதாகத்தான் இருக்கும். கடன் தவணையையும் அந்த ஒரு கிழமை நிறுத்திவைக்கும்படி வங்கிகளை எவரும் வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

வெயிலைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டுக் காற்றை ஏற்றுவோம். அதன் சாட்சியம் கொஞ்சம் நீளமானது.

மன்னார்த் தீவு கடலுக்குள் நீட்டிக்கிடக்கும் தாழ்ந்த மணல் திட்டு. தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மாதக்கணக்கில் ஓயாமல் அடிக்கும். அதைக் கண்டு 2020இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் ‘தம்பபவனி’ என்ற பெயரில் 30 காற்றாலைகளை மின்சார சபை தெற்குக் கரையில் நிறுத்தியது. மொத்தம் 103.5 மெகாவாட். நல்ல காரியம் என்றே அன்று நினைத்தோம். நிலக்கரியை விடக் காற்று மேல் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. காற்று நல்லதுதான். அதைப் பிடிக்க வருகிறவர்கள்தான் பிரச்சினை.

2021 ஒக்டோபரில் இந்தியத் தொழிலதிபர் கௌதம் அதானி கொழும்புக்கு வந்து ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவைச் சந்தித்தார். அடுத்த மார்ச்சில், டீசல் இல்லாமல் நாடு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருண்டுகிடந்த அதே மாதத்தில், மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க அவருடைய நிறுவனத்துடன் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்று சத்தமில்லாமல் கையெழுத்தானது. விலைமனு எதுவும் கோரப்படவில்லை. ஜூன் 9ஆம் திகதி நாடாளுமன்றம் மின்சாரச் சட்டத்தைத் திருத்திப் போட்டி விலைமனுத் தேவையையே எடுத்துவிட்டது. பிந்தி வந்தாலும் சட்டம் வந்து சேர்ந்தது. மறுநாள் மின்சார சபைத் தலைவர் பெர்டினாண்டோ அரச நிறுவனங்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் கோப் குழுவின் முன்னால் உட்கார்ந்து, இந்தத் திட்டத்தை அதானிக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் நெருக்குவதாக ஜனாதிபதியே தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். ஜனாதிபதி மறுத்தார். தலைவர் தான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாகக் கூறி வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். மூன்று நாளில் பதவியையும் விட்டார். இலங்கை அதிகாரி ஒருவருக்கு இவ்வளவு விவரமாக உணர்ச்சி வருவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பின்பு ரணில் விக்கிரமசிங்க வந்தார், திட்டம் போகவில்லை. இது அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான ஏற்பாடு என்றார்கள். ஒரு பக்கத்து அரசாங்கத்தின் பெயர் ‘அதானி கிறீன் எனர்ஜி’ என்பதை எவரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. 2024 மே மாதம் அமைச்சரவை விலையை அங்கீகரித்தது: 484 மெகாவாட்டுக்கு, ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம், 20 ஆண்டுகளுக்கு. மன்னார் ஆயரும் சூழலியல் அமைப்புகளும் உயர் நீதிமன்றம் போனார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் வான்வழி மன்னாருக்கு மேலால் செல்கிறது. பக்கத்திலேயே வங்காலை, ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம். கொழும்புப் பத்திரிகைகள் பூநாரைகளுக்காகப் பக்கம் பக்கமாகக் கண்ணீர் விட்டன. நியாயமான கண்ணீர்தான், பறவைகளுக்குப் பேச ஆள் இருந்தது நல்லதே. கரையில் வலை இழுக்கிறவனுக்கு அந்த அளவு மை செலவாகவில்லை. அவன் குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோகிறவன் அல்லன் என்பதாக இருக்கலாம்.

ஆட்சி மாறியது. அநுர குமார திசாநாயக்கவின் அரசாங்கம் விலை கூடிப்போயிற்று, மீண்டும் பேசுவோம் என்றது. குரங்கு கம்பியைத் தொட்டு மூன்றாம் நாள், பெப்ரவரி 12ஆம் திகதியிட்ட கடிதத்தில், அதானி நிறுவனம் மரியாதையோடு விலகிக்கொள்வதாக எழுதியது. (என் கட்சிக்காரருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை.) தென்னிலங்கையில் அது வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அதற்குக் காரணமும் உண்டு: மன்னாரிலேயே 50 மெகாவாட் காற்றாலைக்கு ஓர் உள்நாட்டு நிறுவனம் 4.65 சதம் கேட்டிருந்தது. கிட்டத்தட்டப் பாதி விலை. முதலாளி மாறினார், விலை மாறியது, கொடி மாறியது. இடம் மட்டும் மாறவில்லை.

காற்றுக்கு இப்படியென்றால் யாழ்ப்பாணத் தீவுகளின் கதை வேறு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் இயந்திரத்தின் தயவில் விளக்கேற்றிவந்த ஊர்கள். சூரியன், காற்று, மின்கலம் சேர்ந்த சிறிய நிலையங்களை அங்கே அமைக்க, ஆசிய அபிவிருத்தி வங்கியின் பணத்தில், 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. விலைமனுவில் வென்றவர்கள் அவர்கள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீற்றரில் சீனர் சூரியத் தகடு பூட்டுவதா என்று டில்லி பதறியது. நெடுந்தீவுக் குதிரைகள் பீஜிங்குக்கு உளவு சொல்லும் என்று பயந்திருப்பார்கள் போலும். 2021 டிசெம்பரில் ‘மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை’ காரணமாக வேலையை நிறுத்துவதாகச் சீனத் தூதரகம் பகிரங்கமாக அறிவித்துவிட்டு, அந்த நிறுவனம் மாலைதீவில் பன்னிரண்டு தீவுகளுக்கு ஒப்பந்தம் பெற்ற சேதியையும் கூடவே போட்டது. அதே மாதம் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து வேட்டி கட்டி, மேலுடம்பு திறந்து, நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டார். இந்தியாவுக்குச் சொல்ல வேண்டியதை முருகனிடம் சொல்லியிருக்கலாம்.

இந்தியா சும்மா இருக்குமா? கடன் வேண்டாம், சுமார் 11 மில்லியன் டொலரை நன்கொடையாகவே தருகிறேன் என்றது. 2022 மார்ச்சில் உடன்பாடு. பெங்களூர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச்சில். மூன்று தீவுக்கும் சேர்த்து 1700 கிலோவாட் சூரியன், 530 கிலோவாட் காற்று. ஒரு பெரிய ஹோட்டல் விழுங்கிவிடக்கூடிய மின்சாரம். அதற்காக இரண்டு வல்லரசுகள் மூன்று வருஷம் மல்லுக்கட்டின. அந்த மூன்று வருஷமும் தீவுக்காரர் டீசல் புகையைச் சுவாசித்தார்கள், மல்லுக்கட்டைப் பத்திரிகையில் வாசித்தார்கள். எந்த நாட்டுத் தகடு வேண்டும் என்று நெடுந்தீவில் ஓர் ஆச்சியிடமாவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் வந்திருக்கும்: ‘விளக்கு எரிஞ்சாச் சரி, தம்பி.’ வெளியுறவுக் கொள்கை என்பது அந்தப் பதிலைக் கேட்காமல் இருப்பதற்கான ஏற்பாடு.

திருகோணமலையின் சம்பூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் கோபம் எழுத்தைக் கெடுத்துவிடும். 2006இல் ஷெல்லடியில் சனங்கள் ஓடினார்கள். அவர்கள் முகாமில் இருக்கையிலேயே அந்த நிலத்தில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்ட இந்தியாவின் என்.ரி.பி.சி.யுடன் ஒப்பந்தம் போட்டார்கள். ஊர் திரும்பச் சிலருக்குக் கிட்டத்தட்டப் பத்து வருஷமானது. 2016இல் நிலக்கரி கைவிடப்பட்டது. காணி கைவிடப்படவில்லை. 2025 ஏப்ரலில் நரேந்திர மோடியும் அநுர குமாரவும் கொழும்பில் இருந்தபடியே, காணொளியில், சம்பூரில் 120 மெகாவாட் சூரிய நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கறுப்பாக வந்த திட்டம் பச்சை பூசிக்கொண்டு வந்திருக்கிறது. கொழும்பில் இருந்துகொண்டே சம்பூர் மண்ணில் கல் நாட்ட முடிகிறது என்பதுதான் உண்மையான தொழில்நுட்ப வளர்ச்சி.

இனி மன்னார், 2025 ஓகஸ்ட். தம்பபவனிக்குப் போட்ட பாதைகள் மழைவெள்ளம் கடலுக்கு வடியும் வழியை மறித்து ஊரை மூழ்கடிக்கின்றன, கரையில் மீன் குறைந்துவிட்டது என்று சனங்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். அது சரியா, பிழையா என்று அவர்கள் நம்பக்கூடிய ஒரு பதிலை எவரும் கொடுக்கவில்லை. போதாததற்கு அதே தீவின் மணலில் இல்மனைற் தோண்டவும் கம்பனிகள் சுற்றிவந்தன. இந்த நிலையில் புதிதாகப் பதினான்கு காற்றாலைகளுக்கான பாகங்கள் பாரவூர்தியில் வந்தன. சனங்கள் இரவில் வீதியில் குந்தி மறித்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். பேச்சுவார்த்தைக்கென்று சொன்ன மாதம் அது. செப்டெம்பர் 26 இரவு பொலிஸ் காவலோடு பாகங்கள் ஊருக்குள் கொண்டுபோகப்பட்டன. மறித்தவர்கள் அடிபட்டார்கள், காயப்பட்டார்கள். மூன்றாம் நாள் மன்னாரில் கடையடைப்பு.

டென்மார்க் 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தரையில் காற்றாலை நிறுத்துகிறவர் குறைந்தது 20 வீதப் பங்கை அயலில் வசிப்போருக்கு விற்க முன்வர வேண்டும் என்றது. நம்முடைய நாட்டில் ஒப்பந்தம் தயாரிக்கும் கனவான்கள் டென்மார்க்கின் காற்றாலையை இறக்குமதி செய்யத் தெரிந்தவர்கள். கூட வந்த சட்டத்தைச் சுங்கத்திலேயே விட்டுவிட்டார்கள். மன்னாரின் பேசாலையில் வலை காயப்போடும் ஒருவர் தன் தலைக்கு மேல் சுற்றும் விசிறியில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரராக இருந்தால் அவர் ஏன் வீதியில் குந்தப்போகிறார்? அந்த விசிறி நின்றால் மின்சார சபைக்கு முன்னால் அவரே போய்க் கத்துவார்.

அரசாங்கத்தின் தீர்ப்பும் வந்துவிட்டது: இந்தப் பதினான்கும் நடப்படும், இனி வருபவை மக்களின் சம்மதத்தோடுதான். அதாவது சம்மதம் கேட்கத் தொடங்குவதற்கு முன்பு கடைசியாக ஒருமுறை கேட்காமல் செய்துகொள்கிறார்கள். அடுத்தமுறை கேட்க வரும்போது பொலிஸ் வண்டிகளைக் கூட்டிவர வேண்டியதில்லை. கிராமசேவையாளர் போதும், அவருக்குச் சைக்கிள் இருக்கிறது.